இடம் கிடைக்காத சுவிசேஷங்கள்

‘325-இல் கான்ஸ்டன்டைன் பேரரசர் நைசியாவில் ஆயர்களைக் கூட்டிவைத்து, பிடிக்காத சுவிசேஷங்களையெல்லாம் பைபிளிலிருந்து தூக்கிக் கடாசிவிட்டார், தெரியுமா?’ என்று யாராவது உங்கள் காதைக் கடித்தால் கோபப்படாதீர்கள். பாவம், ‘டா வின்சி கோட்’ படித்துவிட்டு வந்திருப்பார். ஈஸ்டரை என்றைக்குக் கொண்டாடுவது என்று அங்கே முடிவெடுத்தார்கள். எந்தப் புத்தகத்தைப் படிப்பது என்று ஒரு தீர்மானமும் போடவில்லை.

சதியெல்லாம் எதற்கு? சில நூல்கள் தங்களுக்குத் தாங்களே ஆப்பு வைத்துக்கொண்டன. ‘தோமாவின் குழந்தைப்பருவ சுவிசேஷம்’ பாருங்கள். ஐந்து வயது இயேசு, ஓய்வுநாள் என்றும் பாராமல் களிமண்ணில் பன்னிரண்டு சிட்டுக்குருவிகள் செய்கிறார். யோசேப்பு கண்டிக்க வருகிறார். பையன் கையைத் தட்ட, குருவிகள் கீச்சிட்டுக்கொண்டு பறக்கின்றன. ஆஹா, என்ன அழகு! கொஞ்சம் பொறுங்கள். தெருவில் ஓடிவந்த ஒரு சிறுவன் இவர் தோளில் இடித்துவிடுகிறான். ஆள் அங்கேயே க்ளோஸ். குறை சொன்னவர்களுக்குக் கண் போயிற்று. பாவப்பட்ட யோசேப்பு என்ன செய்வார்? மகனின் காதைப் பிடித்துத் திருகுகிறார். பிற்பாடு எல்லோரும் குணமாகிவிடுகிறார்கள், வாஸ்தவம்தான். ஆனாலும் இதை எந்த டீச்சர் ஞாயிறு பள்ளியில் நடத்துவார்?

அந்தியோக்கியாவின் ஆயர் செராப்பியோன் தங்கமான மனிதர். சுமார் 200-ஆம் ஆண்டு. ‘பேதுரு சுவிசேஷம் வாசிக்கலாமா?’ என்று ஒரு சபையார் கேட்க, ‘தாராளமாக’ என்றார். படித்துப் பார்த்தாரா? அதுதான் இல்லை! புகார் கிளம்பிய பிறகு, புத்தகத்தைக் கடன் வாங்கிப் படித்து அனுமதியை வாபஸ் பெற்றார். அதில் சிலுவை நடந்து வரும், கேட்ட கேள்விக்குப் பதிலும் சொல்லும்.

‘பவுலின் நடபடிகள்’ எழுதிய மூப்பரின் கதை சோகம். மாட்டிக்கொண்டதும், ‘பவுல்மேல் உள்ள பாசத்தில் எழுதிவிட்டேன்’ என்றாராம். சுத்தமான ஃபேன் ஃபிக்‌ஷன்! பதவி போயிற்று. இதை நமக்குச் சொல்லும் ஆதிச் சபை எழுத்தாளர் தெர்த்துல்லியனுக்கு, அதில் பவுல் சிங்கத்துக்கு ஞானஸ்நானம் கொடுத்ததுகூட உறுத்தவில்லை. அந்தக் கதையில் வரும் தெக்லாள் என்ற பெண்ணைக் காட்டிப் பெண்கள் தாங்களும் ஞானஸ்நானம் கொடுப்போம் என்று கிளம்பியதுதான் வயிற்றெரிச்சல்.

கடைசியில் 367-இல், அலெக்சாந்திரியா ஆயர் அத்தனாசியுஸ் ஈஸ்டர் தேதியை அறிவிக்கும் சுற்றறிக்கையில் 27 நூல்களின் பட்டியலைச் சேர்த்தார். இன்றைய புதிய ஏற்பாடு அச்சு அசலாக அதுதான். ஆயரை ஐந்து தடவை ஊரைவிட்டுத் துரத்தினார்கள். பட்டியலை யாராலும் அசைக்க முடியவில்லை.

இடம் கிடைக்காதவற்றில் ‘தோமாவின் நடபடிகள்’ என்றும் ஒன்று உண்டு. இந்தியாவுக்குப் போகவே மாட்டேன் என்று அடம்பிடித்த தோமாவை, இயேசுவே ஒரு வியாபாரியிடம் அடிமையாக விற்று அனுப்பிவைக்கிறார். வந்த இடத்தில், அரண்மனை கட்ட அரசன் கொடுத்த பணத்தை ஏழைகளுக்கு வாரிவிட்டு, ‘கட்டியாயிற்று, செத்தபின் பார்க்கலாம்’ என்கிறார் தோமா!

அவர் இந்தியா வந்ததாக பைபிளில் ஒரு வரிகூடக் கிடையாது. பரங்கிமலைப் படியேறும் பக்தர்கள் நம்பும் அந்தப் பயணத்தைப் பற்றி நமக்குக் கிடைத்திருக்கும் மிகப் பழைய விரிவான கதை, தள்ளுபடியான இந்த நூலில்தான் இருக்கிறது.