பழைய பைத்தானா, புதுப் பைத்தானா?

எங்கள் ஊரான கப்பல்துறையில் துவக்கு வாங்க ஆசை மட்டும் இருந்தால் போதாது, பன்றியும் இருக்கவேண்டும். மரவள்ளியைப் பன்றி கிண்டிவிட்டதென்று கிராம உத்தியோகத்தரிடம் சொல்லி, பொலிஸ் விசாரித்து, கடிதம் கச்சேரிவரை போய், அதிர்ஷ்டமிருந்தால் ஒரு சொட்கன். அதற்கும் வருடாவருடம் லைசன்ஸ் புதுப்பிக்கவேண்டும். 1916ஆம் ஆண்டுச் சட்டம். துவக்கைவிடச் சட்டம் பழையது. ரிவோல்வர் என்றால் பாதுகாப்பு அமைச்சுக்கே எழுதவேண்டும். யானை வந்தால்? வனசீவராசிக்காரர் தரும் யானை வெடி. கொளுத்திப்போட்டுவிட்டு நாங்கள் ஓடுவோம். யானை நின்று பார்க்கும்.

இப்படிப்பட்ட ஊரில் இருப்பவனிடம்தான் ஹூஸ்டனிலிருந்து பெரியம்மாவின் மகன் கேட்டார்: “தம்பி, பழைய பைத்தானை வாங்கட்டா, புதுசை வாங்கட்டா?”

அண்ணை பாம்பு வளர்க்கப்போகிறார் என்றுதான் முதலில் நினைத்தேன். அது கோல்ட் கம்பனியின் ரிவோல்வராம். 1955இல் வந்தது, ஆறு குண்டு. உள்ளே இருக்கும் உறுப்புகளை ஆட்கள் கையால் அராவி அராவிப் பொருத்துவார்களாம். கூலி கட்டுப்படியாகாமல் 2005இல் நிறுத்திவிட்டு, 2020இல் துருப்பிடிக்காத உருக்கில், உறுப்புகளைக் குறைத்து, 1,499 டொலருக்கு மறுபடி விட்டார்கள். அடுத்த வருடமே கம்பனியைச் செக் நாட்டுக்காரர் வாங்கிவிட்டார்கள். பழசுக்கு அதைவிட எவ்வளவோ கூடக் கேட்கிறார்கள். அதில் பூட்டு தேய்ந்தால் திருத்தத் தெரிந்த கைகளும் குறைந்துகொண்டு வருகின்றன. அண்ணை அனுப்பிய படத்தில் கருநீல உருக்கு அப்படி மினுங்கியது; குழலில் அவருடைய வழுக்கைத் தலை நீளவாக்கில் தெரிந்தது.

பழசின் அருமை எங்களுக்கும் தெரியும். சீனக்குடாவில் வெள்ளைக்காரன் கட்டிப்போட்ட எண்ணெய்த் தாங்கிகளுக்கு 2022இலும் இந்தியாவோடு ஒப்பந்தம் எழுதினோம். ஆனால் தாங்கியில் எண்ணெயாவது ஊற்றலாம். பழைய பைத்தானால் சுட்டுப் பழகினால் விலை இறங்கிவிடுமாம். எண்ணெய் பூசி, துணியில் சுற்றி வைத்து, வருகிறவர்களுக்குக் காட்டவேண்டும். அதற்கு எங்கள் மாமி ஒருவரிடம் பட்டுச்சேலையே இருக்கிறது.

“புதுசை வாங்குங்கோ அண்ணை, வெடிக்கவாவது செய்யும்” என்றேன்.

அதற்குள் அம்மா எழுந்து யன்னலைச் சாத்திவிட்டார். 2009இல் யுத்தம் முடிந்தபிறகு எத்தனையோ மாறிவிட்டது. துவக்கு என்று யாராவது சத்தமாகச் சொன்னால் அம்மாவின் கை யன்னலுக்குப் போவது மாறவில்லை. ஃபோனையும் பறித்துக்கொண்டார்.

“தம்பி, அங்கயும் பண்டி வருதோ?”

“டெக்சாஸ் முழுக்கப் பண்டிதான் சித்தி. ஆனா நான் இருக்கிறது ஏழாம் மாடி.”

“அப்ப பழசையே வாங்கு ராசா. இவன்ர கதையைக் கேளாத. பழசெண்டால் வெடிக்காது.”

உலகத்துத் துவக்கு நிபுணர்கள் எவருக்கும் தோன்றாத நியாயம் அது. அண்ணை வாயடைத்துப்போனார்.

“லைசன்ஸ் எடுத்தாச்சோ?”

“இங்க அது தேவையில்ல சித்தி. 2021இல இருந்து லைசன்ஸ் இல்லாமலே இடுப்பில செருகிக்கொண்டு திரியலாம்.”

அம்மா கொஞ்சநேரம் பேசவில்லை. பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, “அப்பிடித்தான் சொல்லுவாங்கள்” என்றார். “நீ ஒருத்தரிட்டயும் வாய்விடாத.”