ஸ்பைரல் பைண்டிங் போட்ட சுவிசேஷம்

திருச்சபைக்குத் திட்டமிடத் தெரியாது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். தென் மாவட்டங்களில் தென்னிந்தியத் திருச்சபையின் ஒரு திருமண்டலத் தேர்தலை அருகில் நின்று பார்த்தவர் யாரும் அப்படிச் சொல்ல மாட்டார். வாக்காளர் பட்டியல் வெளியாவதற்குப் பல மாதம் முன்பே அணிகள் களத்தில் இறங்கிவிடும். எந்தச் சேகரத்தில் எத்தனை ஓட்டு, அதில் நம் ஓட்டு எத்தனை, யார் யாருக்கு மச்சினன், எந்தக் கமிட்டி மெம்பர் யாரோடு பேச்சுவார்த்தை இல்லாமல் இருக்கிறார், எந்த டீச்சருக்கு டிரான்ஸ்பர் வேண்டும், யார் வீட்டுப் பெண் பி.எட். முடித்துவிட்டுச் சும்மா இருக்கிறாள், எல்லாம் அவர்களுக்கு மனப்பாடம். பல வருஷமாகக் கோயில் வாசலை மிதிக்காதவருக்கு ஓட்டு கிடைப்பதற்காக, அவருடைய சங்கக் காணிக்கை பாக்கியை யாரோ ஒரு புண்ணியவான் கட்டிவிடுகிறார். மும்பையில் கடை வைத்திருப்பவருக்கு டிக்கெட் வீட்டுக்கே வருகிறது. படுத்த படுக்கையாக இருக்கும் பாட்டியைக் காரில் ஏற்றி வந்து, ஓட்டுப் போட வைத்து, பத்திரமாகத் திரும்பப் படுக்க வைக்கிறார்கள். உவமையில் வரும் மேய்ப்பன் காணாமற்போன ஒரே ஓர் ஆட்டைத்தான் தேடிப் போனான். இவர்கள் மந்தை முழுவதையும் தேடிப் பிடித்து, எண்ணி, வரிசையிலும் நிறுத்திவிடுகிறார்கள்.

தேர்தல் முடிந்து மாலை வாடிய பிறகு, ஜெயித்தவர்களுக்குத் திடீரென்று ஆண்டவர் நினைவுக்கு வருவார். உடனே ஒரு தொலைநோக்குக் குழு அமைக்கப்படும். தலைப்பு எப்போதும் தயாராக இருக்கும்: ‘விஷன் 2030’, ‘விஷன் 2035’, முடிவில் ஒரு பூஜ்யமோ ஐந்தோ. ஆண்டவருடைய வருகை எந்த நாழிகையில் என்று ஒருவருக்கும் தெரியாது என்பது வேதம். எந்த நிதியாண்டுக்குள் என்பது மட்டும் குழுவுக்குத் தெரியும்.

குழு கூடும் இடம் கொடைக்கானல். கன்னியாகுமரிக் கடலோர ஓட்டல் என்றாலும் பாதகமில்லை. பனங்காட்டில் உட்கார்ந்து திட்டம் போட்டால் தொலைநோக்கு வராது என்பது அனுபவ உண்மை. தொழில் ஆலோசகர் ஒருவர் வருவார். சோப்பு விற்பனையை உயர்த்தியவர், இப்போது இரட்சிப்பை உயர்த்துவார். பவர்பாயின்ட் ஓடும். பலம், பலவீனம், வாய்ப்பு, அச்சுறுத்தல் என்று நான்கு கட்டம். பலம் என்ற கட்டத்தில் கிறிஸ்து. பலவீனம் என்ற கட்டத்தில் மைக் செட். வாய்ப்பு என்ற கட்டத்தில் நகரத்தின் நடுவே இருக்கும் மிஷன் காலத்துக் காலிமனை. அச்சுறுத்தல் என்ற கட்டத்தில் பெந்தெகொஸ்தே சபை. எட்டப்படாத மக்களின் பின்கோடுகளை வரைபடத்தில் சிவப்புப் புள்ளிகளாக வைப்பார்கள். ஒடிசாவில் புள்ளி, குஜராத்தில் புள்ளி. குழுத் தலைவரின் சொந்த ஊர்க் காலனித் தெருவில் மட்டும் புள்ளி இருக்காது. அது எட்டப்பட்ட பகுதி என்று கணக்கு.

மூன்றாம் நாள் மதியம் பிரியாணிக்குப் பிறகு தொலைநோக்கு வாசகம் பிறக்கும். ‘மறுரூபமாக்கும் சமூகங்களை வல்லமைப்படுத்தும் ஊழியக் கட்டமைப்பு’ என்பது போல ஏதோ ஒன்று. அதற்கு என்ன அர்த்தம் என்று கேட்டவரை அடுத்த கூட்டத்துக்கு அழைக்க மாட்டார்கள். நூறு பக்கம், வழுவழுத் தாள், ஸ்பைரல் பைண்டிங், முன்னட்டையில் உதிக்கும் சூரியன், பின்னட்டையில் பேராயர். திருமண்டலப் பெருமன்றத்தில் வெளியிட்டு, ஜெபித்து, அலமாரியில் வைத்துப் பூட்டுவார்கள்.

அந்தக் காலத்தில் எல்லாம் திட்டமா போட்டார்கள், முழங்காலில் நின்றார்கள், சபை வளர்ந்தது என்று சில பெரியவர்கள் சொல்வார்கள். அதுவும் பொய். அந்தக் காலத்தில் அருமையாகத் திட்டம் போட்டார்கள். 1820-இல் பாளையங்கோட்டைக்கு வந்த மிஷனெரி ரேனியஸ், விரட்டப்பட்ட கிறிஸ்தவர்களுக்குப் புதிய ஊர்களை உண்டாக்கினார். ஊருக்கு ஒரு பள்ளி, ஓர் உபதேசியார். கேம்பிரிட்ஜில் கணிதம் படித்த ராக்லாந்து 1854-இல் வட திருநெல்வேலிக்குப் போனார். பங்களா கட்டவில்லை. கூடாரம் அடித்தார், கிராமம் கிராமமாக நகர்ந்தார். தெற்கே வேரூன்றிய சபைகள் தங்கள் செலவில், முறைவைத்து, உபதேசியார்களை அவருக்குத் துணையாக அனுப்பின. எல்லை குறித்தார்கள், முறை வகுத்தார்கள், பணத்துக்கு வழி சொன்னார்கள். இதைவிட நல்ல திட்டம் எந்த ஆலோசகரிடம் இருக்கிறது? ராக்லாந்து 1858-இல் சிவகாசியில் செத்துப்போனார். அவர் திட்டத்தில் பின்னட்டைப் புகைப்படத்துக்கு இடமில்லை.

வெள்ளாளன்விளையில் பிறந்த அசரியா 1903-இல் நண்பர்களோடு இந்திய மிஷனெரி சங்கத்தைத் தொடங்கினார். இந்தியர் பணம், இந்தியர் ஆள், இந்தியர் நிர்வாகம் என்பது அதன் அடிப்படை. தெலுங்கு பேசும் தோர்ணக்கல் பகுதிக்கு ஆள் அனுப்பினார். பிறகு தாமே போனார். 1912-இல் ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்தியப் பேராயர் ஆனபோது அவருக்குக் கிடைத்தது ஏழைத் தெலுங்குக் கிராமங்கள் நிறைந்த ஒரு திருமண்டலம். மாட்டு வண்டியில் அலைந்தார். மாலா, மாதிகா என்ற தலித் மக்கள் ஆயிரமாயிரமாக வந்து சேர்ந்தார்கள். அந்தத் தொலைநோக்குக்குச் செலவு கொடுத்தவர்களில் உலை வைக்குமுன் ஒரு பிடி அரிசியைத் தனியே எடுத்து வைத்த பெண்கள் உண்டு. அந்தப் பிடி அரிசியின் பேரப்பிள்ளைகள்தாம் இன்று ஓட்டல் பஃபேயில் தட்டோடு நின்று ஊழியத்தின் நிதி ஆதாரங்களைப் பற்றி விவாதிக்கிறார்கள்.

ஆக, கோளாறு திட்டமிடுவதில் இல்லை. எதைத் திட்டத்துக்கு வெளியே வைப்பது என்று முதலிலேயே திட்டமிட்டுவிடுகிறார்களே, அதில் இருக்கிறது.

நூறு பக்கத்தில் சாதி என்ற சொல் வராது. ‘சமூகச் சவால்கள்’ என்று வரும். சாதிச் சுவர் விஷயத்தில் மட்டும் நம் சபைகளிடையே அபாரமான ஐக்கியம் உண்டு. கத்தோலிக்கர், புராட்டஸ்டன்ட் பேதமே கிடையாது. வடக்கன்குளம் கோயிலில் சாதிகளைப் பிரித்த தடுப்பை 1910-இல் இடித்தபோது, இடித்தது தப்பு என்று நீதிமன்றம் போனவர்களும் ஞானஸ்நானம் பெற்றவர்களே. திருச்சி மேலப்புதூர்க் கல்லறைத் தோட்டத்தில் செத்தவர்களைக்கூடச் சுவர் வைத்துப் பிரித்தார்கள். உயிர்த்தெழும் நாளில் யார் எந்தப் பக்கம் எழுவது என்ற குழப்பம் வரக்கூடாது அல்லவா? 2008-இல், அன்றைய விழுப்புரம் மாவட்டத்தின் எறையூரில் ஒரே கோயிலைச் சேர்ந்த கிறிஸ்தவர்கள் மோதிக்கொண்டார்கள். போலீஸ் துப்பாக்கிச்சூட்டில் இரண்டு பேர் செத்தார்கள். ஆனாலும் ஆண்டுதோறும் ஆகஸ்ட் 10-ஆம் தேதி வேறொரு அநியாயத்துக்காகக் கறுப்புக் கொடி பிடிக்கிறோம். 1950-ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணை தலித் கிறிஸ்தவர்களை அட்டவணைச் சாதிப் பட்டியலில் சேர்க்க மறுப்பது அநியாயம் என்கிறோம். அநியாயம்தான். ஊர்வலம் முடிந்ததும் கொடியைச் சுருட்டிக்கொண்டு அவரவர் தெருக் கோயிலுக்குத் திரும்பிப் போகிறோமே, அது என்ன நியாயம்?

அடுத்து, பணம். அரசு உதவி பெறும் பள்ளி வேலைக்கு என்ன விலை என்று ஊரில் டீக்கடைக்காரருக்குத் தெரியும், ஆட்டோ டிரைவருக்குத் தெரியும். நூறு பக்கத் திட்டத்துக்கு மட்டும் தெரியாது. மிஷனெரிகள் ஏழைப் பிள்ளைகளுக்காக வாங்கிப் போட்ட நிலம் எத்தனை ஏக்கர், இன்று மிச்சம் எத்தனை, குத்தகை யாருக்கு, எவ்வளவுக்கு என்ற பட்டியல் பின்னிணைப்பில்கூட இருக்காது. ‘வளங்களை உகந்த முறையில் பயன்படுத்துதல்’ என்ற ஒரே வரிக்குள் அத்தனை ஏக்கரும் அடங்கிவிடும்.

சரி, எதையுமே இவர்கள் நிறைவேற்றியதில்லை என்று சொல்வது அநியாயம். பேராயர்களின் ஓய்வு வயதை 67-லிருந்து 70 ஆக்கும் திருத்தத்தில் காட்டிய சுறுசுறுப்பைக் கண்டவர் உண்டு. அது வழக்காகி நீதிமன்றப் படியேறியது வேறு கதை. 2023 ஜூனில் பாளையங்கோட்டையில் உள்ள திருநெல்வேலித் திருமண்டல அலுவலக வளாகத்தில் போதகர் ஒருவர் தாக்கப்பட்ட வீடியோவை ஊரே பார்த்தது. எட்டப்படாத பின்கோடுகளுக்கெல்லாம் ஒரே நாளில் நம் சாட்சி போய்ச் சேர்ந்தது. எந்த மிஷனெரியும் அவ்வளவு வேகமாகப் போனதில்லை. 1947-இல் பல பிரிவுகள் ஒன்றாகி, உலகமே வியந்து பார்க்கப் பிறந்தது தென்னிந்தியத் திருச்சபை. 2024-இல் அதன் தலைமை மன்றமான சினாடின் நிர்வாகத்தைக் கவனிக்க ஓய்வுபெற்ற நீதிபதிகளைச் சென்னை உயர் நீதிமன்றம் நியமிக்க வேண்டி வந்தது. விசுவாசிகள் உலகத்தை நியாயந்தீர்ப்பார்கள் என்று கொரிந்து சபைக்கு எழுதிய பவுல், சகோதரன் மேல் சகோதரன் வழக்குக்குப் போகிறானே என்று அவர்களை வெட்கப்படுத்தினான். நம் விஷன் புத்தகத்தில் ‘வழக்குச் செலவு’க்கு ஓர் அத்தியாயம் ஒதுக்கியிருந்தால் குறைந்தபட்சம் அந்த ஒரு இலக்காவது நூறு சதவீதம் எட்டப்பட்டிருக்கும்.

இந்த நாடகத்துக்கு நடுவே, காட்டுக்குள் ஒரு மலைக்கிராமத்தில் ஒரு ஊழியக்காரர் இருக்கிறார். சம்பளம் தாமதமாக வரும், சில மாதம் வராது. மனைவிக்குக் காய்ச்சல் என்றால் கட்டில் கட்டித் தூக்கி வரவேண்டும். அவரைத் திட்டக் குழுவில் யாரும் சேர்ப்பதில்லை. அவருக்கு ஓட்டுச் செல்வாக்கு இல்லை. ஆனால் புத்தகத்தின் நடுப்பக்கத்தில் பழங்குடிப் பிள்ளைகளோடு அவர் சிரிக்கும் படம் உண்டு, கலரில்.

எனவே என்னிடமும் ஒரு திட்டம் உண்டு. இரண்டே பக்கம், பைண்டிங் தேவையில்லை. ஜெயித்த அணி ஓட்டுக் கேட்டு எத்தனை வீட்டுக்குப் போனதோ, அத்தனை வீட்டுக்கும் தேர்தலுக்குப் பிறகு ஒருமுறை போகட்டும். அங்கே நோயாளி யார், கடனாளி யார், குடித்து அடிக்கும் புருஷனோடு மல்லுக்கட்டுபவள் யார் என்று எழுதட்டும். நில ஏடு, நியமனப் பட்டியல், தணிக்கைக் கணக்கு மூன்றையும் ஒவ்வொரு கோயில் வாசலிலும் ஒட்டட்டும். ஒரே ஊரில் இரண்டு கல்லறைத் தோட்டம் வைத்திருக்கும் சபை எந்த மாநிலத்துக்கும் மிஷனெரி அனுப்பக்கூடாது என்று பெருமன்றம் தீர்மானம் போடட்டும்.

போட மாட்டார்கள். விசுவாசிகளே, உங்கள் பங்குக்கு ஒன்று செய்யலாம். அடுத்த விஷன் வெளியீட்டில் கைதட்டாதீர்கள். அந்த ஞாயிறு காணிக்கைப் பையைக் காலியாகவே நகர்த்திவிடுங்கள்; அந்தப் பணத்தை நேராக அந்த மலைக்கிராமத்துக்கு அனுப்புங்கள். பையின் கனம் குறைந்தது தெரிந்தால், ஆலோசகரும் வேண்டாம், கொடைக்கானலும் வேண்டாம், அன்று மாலையே உங்கள் வீட்டுக் கதவைத் தட்டுவார்கள்.