வாகனத் தரிப்பிடம் இடிபடுவதைப் படம் பிடித்தல்: ஓர் ஆராய்ச்சி

கோபுரங்களையும் கோட்டைகளையும் பற்றிப் பண்டிதர்கள் ஏடேடாக எழுதிக் குவித்திருக்க, அவற்றைத் தரிசிக்க வந்தவர்கள் தங்கள் வாகனங்களை விட்டுச் சென்ற இடங்களைப் பற்றி ஒரு வரியேனும் எழுதத் துணிந்தாரில்லை என்பதும், அவ்விடங்கள் இடிபடும் தினத்தில் மாத்திரம் சனங்கள் கமராவும் கையுமாகத் திரண்டுவிடுகிறார்கள் என்பதும், குறிகட்டுவான் இறங்குதுறையில் வள்ளத்துக்குக் காத்திருப்போர் பொழுதுபோக்காகவேனும் சிந்திக்கத்தக்க விஷயங்களாம்.

இதற்குப் பூர்வபட்சம் ஒன்றுண்டு: குறிகட்டுவானில் இடிப்பதற்கு மாடித் தரிப்பிடம் ஏது, வெறுந்தரையில் வெயில் காயும் வான்களை வைத்துக்கொண்டு இடிப்புச் சாஸ்திரம் பேசுவது எங்ஙனம் என்பர். காண்டல், கருதல், உரை என்று பிரமாணங்களை மூன்றாக வகுத்த சைவ சித்தாந்திகள் வாழும் தேசத்தில் இவ்வினா எழுவதே வியப்பு. காண்டல் கிட்டாத இடத்தில் உரையைப் பற்றுக.

உரைப் பிரமாணமாவது இங்கிலாந்தின் கேற்ஸ்ஹெட் நகரத்துச் சரித்திரம். பெயர்பெற்ற ரைன் பாலத்துக்கு அணித்தாய் அங்கே 1967 இல் திறக்கப்பட்ட ரினிற்றி சதுக்கத்து மாடித் தரிப்பிடம், கொங்கிரீட் மேனியெங்கும் மழைக்கறை படிந்து, உச்சியில் உணவகத்துக்கென்று கட்டிய மண்டபம் ஒருநாளும் திறக்கப்படாமலே கிடந்து, ஊரவரால் அவலட்சணம் என்று ஏசப்பட்டு வந்தது. 1971 இல் வெளியான ‘கெற் காற்றர்’ என்னும் திரைப்படத்தில் மைக்கல் கேன் ஒரு மனிதரை அதன் மேலிருந்து தூக்கி எறிந்த பின்னர் அந்த ஏச்சிலே சற்றுப் பெருமிதமும் கலந்தது. 2010 இல் அதை இடிக்கத் தொடங்கியபோதோ, இடிந்த கொங்கிரீட் துண்டுகளைத் தகரப்பேணிகளில் அடைத்துப் பேணி ஐந்து பவுணுக்கு நகரசபையே விற்றது. பேணிக்குள் மீனைத் தவிர வேறொன்றையும் எதிர்பாராத நமக்கு இதன் தாற்பரியம் எளிதில் விளங்காது.

இடிப்பு மந்தம், துரிதம் என இருவகைப்படும். கேற்ஸ்ஹெட்டில் நிகழ்ந்தது மந்தம். இயந்திரங்கள் மாதக்கணக்கில் கடித்துக் கடித்துத் தின்றமையால், படம் பிடிப்போர் சாவகாசமாகத் தேநீர் குடித்துவிட்டும் வரலாம். துரிதத்துக்கு உதாரணம் 2022 ஓகஸ்ட் 28 இல் நொய்டாவில் வெடிவைத்துத் தகர்த்த இரட்டைக் கோபுரங்கள்: ஏறத்தாழ நூறு மீற்றர் உயரம் ஒன்பது செக்கனில் அடங்கிற்று. தும்மல் வந்தவன் கதி அதோகதி. ஆயினும் படம் பிடித்தவனுக்கு ஒரு சித்தி உண்டு. 1896 இல் லூமியர் சகோதரர் சுவரொன்று இடிபடுவதைப் படமாக்கி, சுருளைப் பின்னோக்கி ஓட்டியபோது, விழுந்த சுவர் புழுதியை உறிஞ்சிக்கொண்டு எழுந்து நின்றது. மரணத்தையும் புனர்ஜன்மத்தையும் ஒரே சுருளில் அடக்கிய வேறு சாதனம் எதுவென்று வேதாந்திகளே சொல்லட்டும்.

இனிக் குறிகட்டுவானுக்கு வருவோம். இங்கே வந்திறங்கும் யாத்திரிகர், நயினாதீவு அம்மன் கோபுரம் அக்கரையில் தெரிந்த மாத்திரத்தே கைத்தொலைபேசியை உயர்த்துகிறார். உயிர்காப்பு அங்கியின் நாடாவைக் கட்டியும் கட்டாமலும் தம்மையே ஒரு படம் எடுக்கிறார். நெடுந்தீவுக்குப் போகிறவரானால், பழங்காலத்து முருகைக்கல் கோட்டையின் சிதைவைப் படம் பிடிப்பதற்காகவே கடலில் ஏறத்தாழ ஒரு மணி நேரம் வயிற்றைப் பிரட்டிக்கொண்டு போகிறார். விழுந்து முடிந்ததற்கு அத்தனை உபசாரம். அவரைச் சுமந்து வந்த வானும், அது நிற்கும் தரையும், இந்த வைபவம் முழுவதும் அவர் முதுகுக்குப் பின்னால்தான். நிற்கும்போது படம் பெறுவது கோபுரத்தின் பாக்கியம். தரிப்பிடத்துக்கு அது விழும்போதே வாய்க்கும் என்பது இவ்வாராய்ச்சியின் துணிபு.

இந்த அநீதியைத் தீர்க்க இடிக்கும் இயந்திரம் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. அடுத்த முறை நயினாதீவுக்குப் புறப்படும் அன்பர்கள், வள்ளத்தில் கால் வைக்குமுன் ஒருதரம் திரும்பி, வான் விட்ட இடத்தையும் ஒரு படம் எடுத்துக்கொள்ள வேண்டுகிறேன். திருவிழாக் கூட்டத்தில் திரும்பி வந்து, ஒரே வெள்ளை நிறத்தில் வரிசையாக நிற்கும் வான்களுக்குள் தம்முடையது எது என்று தேடுகையில் அது மிகவும் உதவும்.