தார் சுற்றுவோர் சார்பில் ஒரு விண்ணப்பம்

பெறுநர்: பேரிடருக்குப் பிந்தைய திறன் பயிற்சிகளை வகுக்கும் அதிகாரத்தின் மேலான சமூகம்
அனுப்புநர்: சென்னிமலைத் தறிக்குடிகள்

வளர்ச்சிசார் குறைபாடு என்பது ஆட்டிசம், அறிவுத்திறன் குறைபாடு, பெருமூளை வாதம் போன்று இளம்பருவத்திலேயே தோன்றி, இயக்கத்திலோ கற்றலிலோ பழகுதலிலோ வாழ்நாள் முழுதும் தொடரும் நிலையாகும். வெள்ளம் வடிந்த கையோடு இந்நிலையுடையோரைக் கூட்டி மெழுகுவத்தி வார்க்கப் பழக்கும் தங்கள் மரபு ஆய்வுக்குரியது. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016, தன் 19ஆம் பிரிவில் இவர்களுக்கான தனிப் பயிற்சிக்குச் சந்தையோடு உயிர்ப்பான தொடர்பு வேண்டும் என்கிறது. மெழுகுவத்தியோ மின்சாரம் போனால்தான் விலைபோகும். ஆகவே அடுத்த புயலையே சந்தையாகக் கருதிய தங்கள் தொலைநோக்கில் சட்டமீறல் ஏதுமில்லை.

சென்னிமலை மக்களுக்கு அத்தகைய தொலைநோக்கு வாய்க்கவில்லை; அவர்கள் போர்வை நெய்கிறார்கள். குறுக்கே ஓடும் ஊடை நூலை இராட்டையில் சிறு குச்சிகளில் சுற்றித் தருவதற்குத் தார் சுற்றுதல் என்று பெயர். அக்குச்சி நாடா என்னும் ஓடத்துக்குள் அமர்ந்து, நெடுக்கே நீளும் பாவு நூலின் ஊடே போய்வந்தால்தான் துணி வளரும். தார் தீர்ந்தால் தறி நிற்கும். ஒரே அசைவு, ஒரே ஒலி, கண்ணெதிரே நிறையும் குச்சி என்று ஒழுங்காக நடக்கும் இவ்வேலை, மேற்சொன்ன நிலையுடையோருள் ஓயாத மாற்றத்தைப் பொறுக்க இயலாதவர் பலருக்குப் பொருந்தக்கூடியது. வீட்டுத் தறியில் அதைக் கற்பிப்பவர் தாயோ சித்தப்பாவோ என்பதால் பயிற்சிக்குத் தொடக்கவிழா நடப்பதில்லை. சான்றிதழும் இல்லாததால் அது தொழில் இல்லை என்ற தங்கள் முடிவு தர்க்கத்துக்கு உட்பட்டதே.

நெசவாளர் கால் வைத்து மிதிக்கும் தறிக்குழி தரைக்குக் கீழே இருப்பதால், மழைநீர் முதலில் தேடி வருவதும் அதைத்தான். 2022 ஆகஸ்டில் காவிரி பெருகி, சென்னிமலை உள்ள இதே ஈரோடு மாவட்டத்தின் பவானியிலும் கொடுமுடியிலும் ஆற்றோர மக்கள் முகாம்களுக்குப் போக நேர்ந்தது. அத்தகைய நாள்களில் வீடும் தறியும் நூலும் சேதக் கணக்கில் ஏறலாம். தார் சுற்றியவர் இழந்த கூலி ஏறுவதற்குப் படிவத்தில் கட்டம் வேண்டுமே! வேலை செய்தவராக எண்ணப்படாதவர் வேலையிழந்தவராகவும் ஆவதில்லை. பயிற்சிக்கு ஆள் வேண்டும்போது மட்டும் அவர் பயனாளி ஆகிறார்.

அதே சட்டத்தின் 8ஆம் பிரிவு, மாவட்டப் பேரிடர் மேலாண்மை ஆணையம் மாற்றுத்திறனாளிகளின் விவரப் பதிவேட்டைப் பேண வேண்டும் என்கிறது. குறைபாட்டின் விழுக்காட்டைக் குறிக்க இடம் ஒதுக்குவதில் அதிகாரத்துக்கு உள்ள அக்கறையைக் குறைசொல்வதற்கில்லை. அதற்குப் பக்கத்தில் “செய்துவந்த தொழில்” என்றொரு கட்டமும், சேதப் படிவத்தில் “துணைத் தொழிலாளர் இழந்த கூலி” என்றொரு கட்டமும் இருந்தால், பயிற்சி தேவைப்படுபவர் யார், பழைய வேலை திரும்பினாலே போதுமானவர் யார் என்பது விளங்கிவிடும். இவ்வளவு தெளிவு நிர்வாகத்துக்கு ஆகாது என்று அஞ்சினால் கட்டங்களைப் பென்சிலால் வரையலாம்.

பயிற்சி நடத்தியே தீரவேண்டுமெனில், அது தெரிந்த தெருவில், தண்ணீர் ஏறாத மேட்டுத் திண்ணையில், கூலிக்கு நெய்யும் ஒருவரையே ஆசிரியராக வைத்து நடக்கட்டும். சுற்றிய தாரைக் கூட்டுறவுச் சங்கத்துத் தறிகள் வாங்கிக்கொள்ளட்டும். இதற்கு நிதியில்லை என்ற பதில் வருமெனில், தொடக்கவிழாவின் பந்தல், பொன்னாடை, ஃபிளெக்ஸ் ஆகிய மூன்றின் செலவுச் சீட்டுகளையும் அப்பதிலோடு இணைத்தனுப்புமாறு தறிக்குடிகள் பணிந்து கேட்டுக்கொள்கின்றனர்.