ஆரம்பிச்ச கையோட கலைச்சிரு, பேராண்டி

பேண்டு ஆரம்பிக்கப் போறதாச் சொன்ன. சந்தோசம், ஆரம்பி. ரெண்டு மூணு ஆல்பம் போடு. அதுல ஒண்ணாவது பத்திரிகைக்காரன் காறித் துப்புற மாதிரி இருக்கணும். பிறகு சத்தம் காட்டாம கலைச்சுட்டு அவனவன் சோலியப் பாக்கப் போயிருங்க. இருபது வருசம் கழிச்சு, நரைச்ச தலையோட எல்லாரும் ஒண்ணு கூடுங்க. இப்பப் பால்குடி மறக்காத பிள்ளைக எல்லாம் அப்ப வரிசையில நின்னு டிக்கெட்டு வாங்கும். இந்த ஷூகேஸ்ங்கிற இரைச்சல் கிட்டார் பாட்டுத் தொழில்ல பேரு வாங்குன பெரிய தலைக்கட்டு எல்லாம் இந்தப் பாதையாத்தான் வந்துச்சு. நானாக் கண்டுபிடிச்ச யோசனை இல்ல. நீ எனக்குப் போட்டுக் காட்டுனியே, அந்தக் கதைகள்ல பொறுக்குனதுதான்.

ஸ்லோடைவையே எடுத்துக்கோ. இங்கிலாந்துல ரெடிங் ஊரு. நீல் ஹால்ஸ்டெட், ரேச்சல் காஸ்வெல் ரெண்டு பேரும் சின்னதுலேருந்தே சேக்காளிக. 1989-ல பேண்டு சேத்தாக. 1993-ல ‘சூவ்லாக்கி’ன்னு ஒரு ஆல்பம் போட்டாக. பிரையன் ஈனோ மாதிரி பெரிய ஆளு வந்து ரெண்டு பாட்டுக்குக் கை குடுத்துட்டுப் போயிருக்காரு. அதைக் கேட்ட மெலடி மேக்கர் பத்திரிகை விமர்சகர் என்ன எழுதுனாரு தெரியும்ல? இதை இன்னொரு தடவை கேக்குறதுக்கு, ஒரு தொட்டி நிறைய ஓட்ஸ் கஞ்சியில முங்கி மூச்சுத் திணறிச் சாகலாமாம். மனுசன் பாட்டைத் திட்டலாம், சரி. கஞ்சி என்னய்யா பாவம் செஞ்சுச்சு?

இது போதாதுன்னு, மேனிக் ஸ்ட்ரீட் பிரீச்சர்ஸ் பேண்டுல இருந்த ரிச்சி எட்வர்ட்ஸ் ஒரு படி மேல போனாரு. ஹிட்லரை வெறுக்கிறதைவிட ஸ்லோடைவைத்தான் என்னைக்கும் அதிகமா வெறுப்போம்னு பேட்டி குடுத்தாரு. அந்தப் பிள்ளைக யார் வீட்டுக் கோழியையும் பிடிக்கல. கிட்டார்ல கொஞ்சம் எதிரொலி கூட்டி வச்சு, மெதுவா ஏக்கமாப் பாடுச்சுக. அவ்வளவுதான் குத்தம். 1995-ல ‘பிக்மேலியன்’ வெளிவந்த மறுவாரமே, அவுக பாட்டை வெளியிட்ட கிரியேஷன் கம்பெனி கணக்கை முடிச்சு அனுப்பிருச்சு. அதுல மூணு பேரு மொஹாவி 3-ன்னு பேரு மாத்தி, அமைதியா நாட்டுப்பாட்டுப் பக்கம் ஒதுங்கிட்டாக.

அவ்வளவுதான், ஆட்டம் முடிஞ்சுன்னு எழுதி வச்சவன் எல்லாம் 2014-ல வாயப் பொளந்தான். பார்சிலோனாவுல பிரிமவேரா விழா மேடையில அதே பிள்ளைக, இப்பப் பிள்ளை குட்டிக்காரங்களா. 2017-ல புது ஆல்பம். 2023-ல ‘எவ்ரிதிங் இஸ் அலைவ்’. இங்கிலாந்து வரிசையில முதல் பத்துக்குள்ள வந்துருச்சு. வாலிபத்துல எட்டாத இடம் அது. கூட்டத்துல பாதிப் பேரு ‘சூவ்லாக்கி’ வந்த வருசம் பொறக்கவே இல்ல. செல்போன்ல முப்பது நொடிப் படத்துக்குப் பின்னால ஓடுன பாட்டைக் கேட்டுட்டு, முழுசும் கேக்கணும்னு வந்த கூட்டம். திட்டுன பத்திரிகைய வந்து பாரு: மெலடி மேக்கர் 2000-லயே கடையச் சாத்திருச்சு. அதனால பொறுமைன்னு நான் சொன்னா சிரிக்காத.

ரைடு கதை இன்னும் வேடிக்கை. ஆக்ஸ்ஃபோர்டு பையன்க. 1990-ல ‘நோவேர்’ போட்டாக, நல்ல பேரு. பிறகு அமெரிக்காவுலேருந்து நிர்வாணா அலை வந்து ஒரு தள்ளுத் தள்ளுச்சு. எந்திரிக்குறதுக்குள்ள உள்ளூருலேருந்து பிரிட்பாப் அலை வந்து மறு தள்ளுத் தள்ளுச்சு. ஓயாசிஸ் வந்து ஊரையே வளைச்சுப் போட்டுச்சு. அதே கிரியேஷன் கம்பெனி வளத்த பேண்டுதான். ரைடு கலைஞ்ச பிறகு அதோட கிட்டார்க்காரரு ஆண்டி பெல் எங்க போய்ச் சேந்தாருங்கிற? 1999-ல ஓயாசிஸ்லயே பேஸ் வாசிக்கப் போயிட்டாரு. அடிச்சுட்டுப் போன வெள்ளத்துலயே மீன் பிடிச்ச ஆளு. 2015-ல ரைடும் திரும்ப மேடையேறிருச்சு. பிழைக்கத் தெரிஞ்சவுக.

இனி மூத்தவருக்கு வருவோம். கெவின் ஷீல்ட்ஸ். டப்ளின்ல கிளம்புன மை பிளடி வேலன்டைன். 1991 நவம்பர்ல வந்த ‘லவ்லெஸ்’. அதுக்கு ரெண்டு வருசத்துக்கு மேல, 19 ஸ்டுடியோ ஏறி இறங்குனாக. ரெண்டரை லட்சம் பவுண்டு கரைஞ்சுதுன்னும், கிரியேஷன் திவாலாகப் பாத்துதுன்னும் ஊர்ப்பேச்சு. ஷீல்ட்ஸ் அந்தக் கணக்கை ஒத்துக்கிட்டதே இல்ல. செலவழிச்சவன் எங்க ஒத்துக்கிட்டான்? ஆனா அந்த ஆளு வெறுமனே காசக் கரைக்கல. கிட்டார்ல குறுக்க ஒரு இரும்புப் பிடி இருக்கும்ல, மத்தவன் எப்பவாவது ஒரு தடவை அமுக்குவான். இவரு அதைக் கையிலயே பிடிச்சுக்கிட்டுக் கம்பிய மீட்டுனாரு. சுருதி நிக்காம அசைஞ்சுக்கிட்டே போச்சு. எதிரொலியத் தலைகீழாத் திருப்பிப் போட்டாரு. பிலிண்டா புட்சர் அம்மாவ விடியக்காலத்துல உறக்கத்துலேருந்து எழுப்பிப் பாட வச்சாக. அதனாலதான் அந்தக் குரல் பாதி கனாவுல இருக்கு. அதுவும் பாட்டை மேல தூக்கி வைக்காம, கிட்டாரோட மட்டத்துக்கே அமுக்கி வச்சுட்டாக. மாமியா வீட்டுக்கு முதல் தடவை வந்த புது மாப்பிள்ளை பேச்சுதான் அது: உதடு அசையும், குரலும் வரும், என்ன சொன்னாருன்னு ஒருத்தருக்கும் தெரியாது, ஆனா எல்லாரும் தலையாட்டுவாக.

இதுல எனக்கு ஒரு சௌகரியம் உண்டு. எனக்கு ரெண்டு காதும் மந்தம். மத்த பாட்டுல வரி புரியலன்னு சங்கடமா இருக்கும். இதுல நல்லாக் கேக்குறவனுக்கும் புரியாது. இந்த வயசுல இப்படி ஒரு சமத்துவம் கிடைக்கிறது லேசுப்பட்டதா?

ஆனா அவுக கச்சேரிக்குப் போயிறாத. 2008-ல அவுக திரும்பக் கூடி வாசிச்சப்ப, துட்டுக் குடுத்து டிக்கெட்டு வாங்கி வந்தவன் கையில வாசல்லயே காதடைப்பான் குடுத்து உள்ள விட்டாக. கடைசிப் பாட்டுக்கு நடுவுல ஒரே இரைச்சல், 20 நிமிசத்துக்கு மேல. சாப்பாடு போட்டுட்டு வாயக் கட்டிவிடுற விருந்து அது, ஆனா போனவன் எல்லாம் புண்ணியம் கிடைச்ச மாதிரி பேசுறான். ‘லவ்லெஸ்’ஸுக்கு அடுத்த ஆல்பம் எப்ப வந்துச்சு? 2013 பிப்ரவரி. 21 வருசம். ஒரு ராத்திரி சொல்லாமக் கொள்ளாம அவுக வெப்சைட்லயே போட்டாரு. கூட்டம் முண்டியடிச்சு வெப்சைட்டே படுத்துருச்சு. நீ போன மாசம் ஒரு பாட்டைப் போட்டுட்டு, ஒரு மணி நேரத்துக்கொரு தடவை எத்தனை பேரு பாத்தான்னு எண்ணிக்கிட்டு இருந்தது ஞாபகம் வருது எனக்கு.

இந்தக் கூட்டத்துக்கு ஷூகேஸ்ங்கிற பேரே கேலிக்கு வச்சதுதான். மூஸ்னு ஒரு பேண்டு. பாடுறவரு வரியெல்லாம் மறந்துபோகும்னு தரையில எழுதி ஒட்டி, குனிஞ்சு பாத்துக்கிட்டே பாடுனாரு. மத்தவுக காலடியில கிடந்த, கிட்டார் சத்தத்தை மாத்துற பெடலைப் பாத்துக்கிட்டே வாசிச்சாக. பத்திரிகைக்காரனுக்கு அது போதும், செருப்பைப் பாக்குற கூட்டம்னு வச்சுட்டான். தன்னைத்தானே கொண்டாடிக்கிற கூட்டம்னும் ஒரு நக்கல் உண்டு, ஏன்னா ஒருத்தர் கச்சேரிக்கு இன்னொருத்தர் போனாகளாம். ஒருத்தன் நல்லா வாசிச்சா மத்தவன் போய்க் கேக்குறது அந்த ஊர்ல குத்தம் போல. இன்னைக்கு அதே பேரை நெத்தியில ஒட்டிக்கிட்டுத்தான் உன் வயசுப் பிள்ளைக கிளம்புது. அவுகளுக்கு வசவா வந்தது உங்களுக்குக் கடைப்பலகை.

இங்கதான் எனக்கு ஒரு நமைச்சல். ஷீல்ட்ஸ் 19 ஸ்டுடியோவுல தேடி அலைஞ்ச சத்தம், இப்பப் பெட்டியில அடைச்சு விலைக்கு வருது. ஃபெண்டர் கம்பெனி 2022-ல அவரு பேராலயே ‘ஷீல்ட்ஸ் பிளெண்டர்’னு ஒரு பெடல் போட்டுச்சு. கொஞ்சம்போலத்தான் செஞ்சாக, வித்துத் தீந்துருச்சு. வாங்கி மிதிச்சா மூத்தவரு மாதிரியே இரையும். மாதிரியே இரைஞ்சு என்ன செய்ய? மூத்தவரு மாதிரியே இரையிற ஆளு ஒருத்தரு ஏற்கெனவே இருக்காரே, அந்த மூத்தவரு. அவரு இன்னும் உசுரோடதான் இருக்காரு.

அதுக்காகப் புதுசா வந்தது எல்லாம் நகலுன்னு நான் சொல்ல வரல. சொன்னா உனக்கு வசதியாப் போயிரும், கிழவனுக்கு ஒண்ணும் தெரியாதுன்னு எந்திரிச்சுப் போயிருவ. சான் பிரான்சிஸ்கோவுல நாத்தலி லூன்னு ஒரு பொண்ணு. விஸ்ப்னு பேரு வச்சுக்கிட்டுப் பாடுது. காலேஜு படிக்கையில, யூடியூபுல இன்னொருத்தரு போட்டுவச்ச இசையப் பிடிச்சு, அது மேல தன் குரலை ஆப்பிள் கம்பெனி ஒயரு ஹெட்செட்லயே பாடிப் பதிவு பண்ணுச்சு. ‘யுவர் ஃபேஸ்’. 2023-ல டிக்டாக்குல போட்டுச்சு, உலகமே கேட்டுச்சு, இன்டர்ஸ்கோப் கம்பெனிக்காரன் ஒப்பந்தத்தோட வந்து நின்னான். எத்தனை ஸ்டுடியோ? ஒண்ணும் இல்ல. எத்தனை பெடல்? அந்தப் பொண்ணு காலடியில செருப்புத்தான் கிடந்திருக்கும்.

கொரியாவுல இன்னொரு பிள்ளை, பேரே சொல்லாம பாரனூல்ங்கிற பட்டப்பேருல 2021-ல ஒரு ஆல்பம் போட்டுச்சு. அப்ப மூஞ்சி தெரியாது, ஊர் உலகத்துக்கு ஆளும் தெரியாது. கிட்டாரே கம்ப்யூட்டர்ல செஞ்ச சத்தம். தோத்துப்போன வாலிபத்தைப் பத்திக் கொரியன்லயே கத்திப் பாடுது. ஒரு எழுத்துப் புரியாத அமெரிக்காக்காரன் அழுதுக்கிட்டே கேக்குறான். வரிய அமுக்கி வச்ச வித்தையோட பலன் முப்பது வருசம் கழிச்சுத்தான் தெரியுது பாரு. வார்த்தை முன்னால வந்து நிக்காத பாட்டுக்கு எந்த ஊரு எல்லையிலயும் சுங்கம் கிடையாது.

பிரான்ஸ்ல அல்செஸ்ட்டும், கலிஃபோர்னியாவுல டெஃப்ஹெவனும் செஞ்சதுதான் எனக்கு ரொம்பப் பிடிச்ச குறும்பு. பிளாக் மெட்டல்னு ஒரு கூட்டம் இருக்கு, மூஞ்சியில சுண்ணாம்பும் கரியும் பூசிக்கிட்டுப் பிசாசு மாதிரி அலறுறவுக. அந்த அலறலுக்குப் பின்னால இந்த மூடுபனிக் கிட்டாரைக் கொண்டுபோய் வச்சாக. டெஃப்ஹெவன் 2013-ல ‘சன்பேதர்’ ஆல்பத்துக்கு அட்டை போட்டுச்சு, அதுவும் ரோஸ் கலர்ல. கரிப்பூச்சுக்காரவுக வயிறு எரிஞ்சு போச்சு. அல்செஸ்ட்டு 2014-ல ‘ஷெல்டர்’ போடும்போது, யாரு வந்து ஒரு பாட்டுப் பாடிக் குடுத்தாங்கிற? நம்ம கஞ்சித்தொட்டி நீல் ஹால்ஸ்டெட்தான். வட கரோலினாவுல வெட்னஸ்டேன்னு ஒரு பேண்டு, இதே இரைச்சலைக் கொண்டுபோய் அவுக ஊரு நாட்டுப்பாட்டுல கலந்து, பெட்ரோல் பங்கு, பக்கத்து வீட்டு வம்புன்னு கதை சொல்லுது. அதுல வரி நல்லாவே கேக்குது. மூத்தவுக செஞ்சதுக்கு நேர் எதிரு, அதனாலயே நல்லாருக்கு.

பாஞ்சிகோ கதைய விட்டுட்டா எனக்கு உறக்கம் வராது. முழுசா இந்த வகை இல்ல, பக்கத்து வகை. நாட்டிங்ஹாம்ல பள்ளிக்கூடத்துப் பையன்க 2000-ல ஒரு சின்ன சிடி போட்டாக. முப்பது காப்பியோ என்னமோ, அவ்வளவுதான். யாரும் சீந்தல. கலைஞ்சு போயிட்டாக. 2016-ல பழைய சாமான் விக்கிற தர்மக் கடையில எவனோ அந்த சிடிய எடுத்து இன்டர்நெட்டுல போட்டான். சிடி கெட்டுப்போயி, பாட்டோட சேந்து கரகரன்னு ஒரு இரைச்சல். கேட்டவுக அந்தக் கரகரப்பையும் பாட்டுன்னே நினைச்சு மயங்கிட்டாக. ஆளைத் தேடிப் பிடிக்க 2020 ஆச்சு. அதுக்குப் பிறகு அமெரிக்காவுல சுத்திச் சுத்திக் கச்சேரி பண்ணுனாக. கெட்டுப்போன சிடிக்கு இருக்குற யோகம், காசு குடுத்து வாங்குன பெடலுக்கு இல்ல.

சரி, நீ கேட்ட பண விசயத்துக்கு வாரேன். ஆறு பெடலு, அதை அடுக்க ஒரு பலகை, அதுக்கொரு கரண்டுப் பெட்டின்னு நீ எழுதிக் குடுத்த சீட்டைப் பாத்தேன். உங்கப்பன் முதல் தடவை டிராக்டர் வாங்கும்போதுகூட இவ்வளவு நீளமாச் சீட்டு எழுதல. முதல்ல உன்கிட்ட இருக்குற ஹெட்செட்ல ஒரு பாட்டைப் பாடிப் பதிவு பண்ணிட்டு வா. நான் கேக்குறேன், எனக்குத்தான் காது கேக்காதே, தைரியமாப் பாடு. உங்க அம்மாச்சி கேட்டுட்டு ஒண்ணும் சொல்லாம அடுப்படிக்குப் போயிட்டாள்னா பாட்டுத் தேறாது. என்ன கண்றாவிடா இதுன்னு திட்டிட்டு, பிறகு பாத்திரம் விளக்கும்போது அவளுக்கே தெரியாம அதை முணுமுணுத்தாள்னா, ஒரு பெடலுக்கு மட்டும் துட்டுத் தாரேன். எந்தப் பெடல்னு நீயே தேர்ந்து எடுத்துக்கோ. காதடைப்பான் வாங்குற செலவு மட்டும் உன்னோடது, தெரு முழுக்க வீட்டுக்கு ரெண்டு ஜோடி.