ஒரு நூல் குறைச்சல்

எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசை 30 அங்குல உயரம். இரண்டாம் வகுப்புப் படிக்கும் சின்னவன் அதில் வீட்டுப்பாடம் எழுத உட்கார்ந்தால் பலகை அவன் மோவாய்க்கு நேராக வரும். வாசலிலிருந்து பார்க்கிறவர்களுக்கு, சாம்பார்ச் சட்டிக்குப் பக்கத்தில் யாரோ ஒரு தலையை எடுத்து வைத்திருப்பது போலத் தெரியும். பெரியவள் நாலாம் வகுப்பு. கட்டிலில் குப்புறப் படுத்துத்தான் எழுதுவாள். எழுத்தும் படுத்தேதான் இருக்கும்.

"ரெண்டு பேருக்கும் மேசை செஞ்சு குடுத்திரலாம்" என்றேன்.

"வாங்கிக் குடுத்திரலாம்" என்று மனைவி திருத்தினாள். அந்தத் திருத்தத்தை அப்போதே ஏற்றிருக்கலாம்.

என் மனதில் இருந்தது பழைய மளிகைக் கடைகளில் கணக்குப்பிள்ளை முன்னால் இருக்குமே, அந்தச் சாய்வு மேசை. சப்பணம் போட்டு உட்கார்ந்து எழுதுவது. நாற்காலி தேவையில்லை. நாலு கால், ஒரு பலகை, அவ்வளவுதானே என்றுதான் நினைத்தேன். 'அவ்வளவுதானே' என்று ஆரம்பித்த எதுவும் என் கையில் அவ்வளவோடு நின்றதில்லை.

நாகர்கோவிலில் இருந்துகொண்டு ரப்பர் மரம் வாங்காமல் இருக்க முடியாது. இருபத்தைந்து முப்பது வருஷம் பால் கொடுத்த மரம், பால் வற்றியதும் வெட்டுப்பட்டு மேசை நாற்காலியாக மறுபிறவி எடுக்கிறது. ஓய்வு பெற்ற மறுநாளே வேறு ஆபீசில் சேர்ந்துவிடுகிற சில பெரியவர்களின் ஞாபகம் வரும். வெட்டிய மரத்தை அப்படியே போட்டுவைத்தால் பூஞ்சணமும் வண்டும் பிடித்துவிடும். போரான் மருந்து ஏற்றிச் சூளையில் உலர்த்தித்தான் விற்கிறார்கள். இரண்டு பலகையும், காலுக்கு இரண்டுக்கு இரண்டில் எட்டடிக் கட்டை ஒன்றும் வாங்கினேன்.

கணக்கைத் தாளில் போட்டபோது எனக்கே பெருமையாக இருந்தது. சாய்வு வர வேண்டுமென்றால் முன்கால் 10 அங்குலம், பின்கால் 12. இரண்டு மேசைக்கு எட்டுக் கால், ஆக 88 அங்குலம். கட்டையோ 96. ரம்பம் தின்கிற தூள் போக ஏழங்குலம் மிச்சம். தச்சு வேலை என்பது கணக்குதான் என்று பிள்ளைகளைக் கூப்பிட்டு உட்காரவைத்து ஒரு பிரசங்கமும் செய்தேன்.

பத்தங்குலக் கால்களை அறுக்க ஆரம்பித்தேன். மூன்றாவது முடியும்போது அடுப்படியிலிருந்து குரல் வந்தது: "காஸ் புக் பண்ணியாச்சா?" பண்ணவில்லை. பண்ணவில்லை என்பதை எப்படிச் சொல்வது என்று யோசித்துக்கொண்டே அறுத்ததில் நாலோடு நிற்காமல் ஐந்து அறுத்துவிட்டேன். அது தெரியாமலே பன்னிரண்டில் மூன்று அறுத்தேன். நாலாவதற்கு டேப்பை வைத்தால் கட்டையில் ஒன்பது அங்குலத்துச் சொச்சம்தான் இருந்தது. டேப்பைத் திருப்பிப் போட்டும் அளந்து பார்த்தேன்.

கடைசியில் அந்த ஐந்தாவது பத்தங்குலக் காலுக்கு அடியில் இரண்டங்குலத் துண்டு ஒன்றை ஃபெவிகால் தடவி, ஆணியடித்து ஒட்டினேன். குதிகால் செருப்பு போட்ட மாதிரி இருந்தது. முதல் ஆணிக்கே துண்டு பிளந்தது. இரண்டாவது துண்டு பிளக்கவில்லை, ஆனால் அறுத்தது கொஞ்சம் கோணல்.

சாயங்காலம் டீ குடிக்க வந்த பக்கத்துத் தெரு ஆசாரி வராந்தாவில் மேசைகளைப் பார்த்து நின்றார்.

"சார், இது என்னவாக்கும்?"

"பிள்ளைகளுக்கு எழுத மேசை."

குனிந்து, பலகைக்கும் காலுக்கும் நடுவில் விரல் நகத்தை நுழைத்தார். நகம் தாராளமாகப் போயிற்று. "ரெண்டு நூல் இளிக்கு" என்றார். நூல் என்றால் அவர்கள் கணக்கில் அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு. "காலோட தலையைச் சீவலியா? பலகைக்கு மட்டும் சரிவு இருந்தாப் போதுமா சார், காலுக்கும் அது தெரியாண்டாமா?"

பலகை சாய்ந்து உட்கார வேண்டுமானால் ஒவ்வொரு காலின் உச்சியையும் அதே சாய்வில் சீவ வேண்டும். என் கால்கள் எல்லாம் தலை நிமிர்ந்து நின்றன. பலகை அவற்றின் ஓரத்தில் மட்டும் தொட்டும் தொடாமலும் படுத்திருந்தது.

டீ ஆறும்வரை அவர் உளியும் இழைப்புளியுமாக எட்டுத் தலையையும் சீவித் தந்தார். பென்சில் உருண்டு விழாமலிருக்கப் பலகையின் கீழ்விளிம்பில் ஒரு பட்டையும் அடித்தார். ஒவ்வொரு ஆணியின் கூரையும் கல்லில் வைத்துச் சுத்தியலால் ஒரு தட்டுத் தட்டி மழுக்கிவிட்டே அடித்தார். கூரான ஆணி மரத்தின் நாரைப் பிளந்துகொண்டு போகுமாம். மழுங்கியது நாரை நசுக்கிக்கொண்டு இறங்குமாம். ஒரு பலகைகூடப் பிளக்கவில்லை. மழுங்கிய ஆணிதான் நன்றாக இறங்கும் என்பதை எனக்கு யாரும் இத்தனை வருஷம் சொன்னதில்லை.

குதிகால் போட்ட மேசையை மட்டும் ஒரு விரலால் அழுத்தினார். டக், டக் என்று ஆடியது. "ஒரு நூல் குறைச்சல். நாளைக்கு வந்து சரியாக்கித் தாறேன்."

மறுநாள் அவர் வந்தபோது பிள்ளைகள் இருவரும் அந்த மேசையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு விடவில்லை. ஆடாத மேசை சீந்துவாரில்லாமல் ஓரமாகக் கிடந்தது. எனக்குக் கண்ணில் நீர் வராத குறை. அப்பா கையால் செய்தது என்று எவ்வளவு பாசம்!

இரண்டு நாள் கழித்துத்தான் விஷயம் புரிந்தது. சின்னவனின் நோட்டில் 'கையெழுத்தைத் திருத்தவும்' என்று சிவப்பு மையில் எழுதியிருந்தது. என்னடா என்றேன். "மேசை ஆடுதுப்பா" என்றான், என்னை நேராகப் பார்த்து. மறுநாள் பெரியவளிடமிருந்தும் அதே பதில். அதற்குப் பிறகு அந்த மேசை திங்கள், புதன், வெள்ளி அவளுக்கு. செவ்வாய், வியாழன், சனி அவனுக்கு. அட்டவணையைச் சுவரில் ஒட்டியிருக்கிறார்கள். அதில் மட்டும் எழுத்து முத்து முத்தாக இருக்கிறது.

சின்னவனின் டைரியில் ஆசிரியை எழுதியதற்குக் கீழே நான் கையெழுத்துப் போட வேண்டியிருந்தது. அவசரத்தில் பக்கத்திலிருந்த அந்த மேசையிலேயே வைத்துப் போட்டேன். பேரின் நடுவில் மேசை டக்கென்றது. கடைசி எழுத்து கோட்டைத் தாண்டி அடுத்த நாளின் கட்டத்துக்குள் போய் விழுந்தது.

மறுநாள் டைரி திரும்பி வந்தது. என் கையெழுத்தைச் சுற்றி ஒரு சிவப்பு வட்டம். பக்கத்தில் ஒரு வரி: 'பெற்றோரிடம்தான் கையெழுத்து வாங்க வேண்டும். நீயே போடக்கூடாது.'