வீட்டுக்குப் பின்னால் படகு

அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் பிக்கப் வண்டி ஒரு சக்கர வீட்டை இழுக்கலாம்; அந்த வீடு தன் பங்குக்கு ஒரு படகு டிரெய்லரை இழுக்கலாம். ஓய்வெடுக்கப் போகிறவருக்கு இவ்வளவாவது வேண்டாமா? ஓட்டுநருக்கு 18 வயது நிரம்பியிருக்க வேண்டும். மொத்த நீளம் 70 அடியைத் தாண்டக் கூடாது. வீட்டைப் பம்பரில் மாட்டினால் செல்லாது. வண்டியின் தளத்தில் அமைந்த 'ஐந்தாம் சக்கர' இணைப்பில்தான் பூட்ட வேண்டும். கொக்கி கழன்றால் படகு தனியாகச் சுற்றுலா போய்விடாதிருக்கப் பாதுகாப்புச் சங்கிலியும் உண்டு. மினியாபொலிஸ் வட்டாரத்தின் ஏழு கவுண்டிகளில், வார நாட்களில் காலை 6 முதல் 9 வரையும் மாலை 4 முதல் 7 வரையும் இந்த ஊர்வலத்துக்குத் தடை. அலுவலகம் போகிறவர்களின் வயிற்றெரிச்சலைச் சட்டமும் அறியும். மிச்சிகன் மாநிலத்திலோ இப்படி இழுத்துப் போக, ஓட்டுநர் உரிமத்தில் தனி அனுமதி வேண்டும்; அதைப் பெற எழுத்துத் தேர்வு எழுத வேண்டும். இரண்டு டிரெய்லர்களோடு ரிவர்ஸ் எடுப்பது பெரும்பாடு. முன்பக்கமாகவே வெளியேற வழியுள்ள இடமாகப் பார்த்து நிறுத்துவது நல்லது.